கையடக்க வாசனைப் புட்டிகள்: விற்பதும் தேர்வதும்

அரிசி, பருப்பு, நூல், உரம் ஆகியவற்றைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுதும்போது எவரும் வியப்படைவதில்லை. வாசனைத் திரவியத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், "தறியும் ஏரும் பிடிக்கும் நமக்கு இப்பாடம் எதற்கு?" என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் வத்திராயிருப்பு, கான்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களில் எந்தப் பெட்டிக்கடையின் முன் நின்று பார்த்தாலும், சட்டைப் பையில் அடங்கும் சென்ட் புட்டிகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். அவற்றை விற்பவருள் பலர் நம் அங்கத்தினர். வாங்குபவருள் பலர் அவர்தம் பிள்ளைகள். விற்பவரின் முதலும் வாங்குபவரின் கூலியும் அச்சிறு புட்டிகளில் செலவாகின்றன. ஆகவே அவற்றைப் பற்றிய கணக்கை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

1. ஒரு கடையின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கத்தின் தணிக்கையின்போது, தவணை தவறியோர் பட்டியலில் கான்சாபுரத்துச் சிறுகடை ஒன்றின் பெயரைக் கண்டோம். கடையை நடத்தியவர் ஒரு நெசவுக் குடும்பத்து அம்மையார். அதுவரை ஒரு தவணையும் தவறாதவர். காரணம் அறியக் கடைக்கே சென்றோம். "சரக்கு இருக்கிறது ஐயா, காசுதான் இல்லை" என்றார் அவர்.

நடந்தது இதுதான். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்குப் பெருங்கூட்டம் வருவது யாவரும் அறிந்ததே. அதை முன்னிட்டு மொத்த வியாபாரியின் ஆள் ஒருவர் வந்து, டஜனுக்கு ஒரு புட்டி இலவசம் என்று சொல்லி, ஆறு டஜன் சென்ட் புட்டிகளை இறக்கிவிட்டுப் போனார். ஒரு புட்டியின் கொள்முதல் விலை 48 ரூபாய். விற்பனை விலை 60 ரூபாய். 72 புட்டிகளுக்கு அம்மையார் கொடுத்த தொகை 3,456 ரூபாய். இலவசத்தோடு சேர்த்து 78 புட்டிகள் அலமாரியில் ஏறின.

கூட்டம் வந்தது, ஆனால் நேரே தாணிப்பாறைக்குப் போயிற்று. கடைக்கு வந்தவர்களும் கற்பூரமும் தண்ணீரும் கேட்டனரேயன்றிச் சென்ட் கேட்டவர் சிலரே. மலையேறிச் சுவாமி தரிசனம் செய்யச் செல்பவருக்கு அது எதற்கு? மூன்று மாதத்தில் விற்றவை 26 புட்டிகள்; கிடைத்த பணம் 1,560 ரூபாய். மீதி 52 புட்டிகள் மேற்குப் பார்த்த கடையில் மாலை வெயிலைத் தாங்கிக்கொண்டு நின்றன. சிலவற்றில் திரவத்தின் நிறம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

இலவசமாக வந்த ஆறு புட்டிகளின் கொள்முதல் மதிப்பு 288 ரூபாய். அந்த 288 ரூபாய்க்கு ஆசைப்பட்டதால் 1,896 ரூபாய் அலமாரியில் சிறைப்பட்டது. சர்க்கரையும் சோப்பும் வாங்கிப் புரட்ட வேண்டிய பணம் அது. அது முடங்கவே அன்றாடச் சரக்குக் குறைந்தது; அன்றாடச் சரக்குக் குறையவே வழக்கமாக வருவோர் அடுத்த கடைக்குச் சென்றனர்; தவணை நின்றது.

அம்மையார் சோம்பியவரும் அல்லர், ஏமாற்றியவரும் அல்லர். ஒரு கணக்கை மட்டும் போடாமல் விட்டார். அக்கணக்கே இப்பாடத்தின் பொருள்.

2. சிறு அளவு வந்த வழி

சிறு அளவில் வாசனைப் பொருள் விற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. அத்தர் வியாபாரிகள் தோலாக் கணக்கில் விற்றுவந்தனர். ஒரு தோலா என்பது ஏறத்தாழ 11.66 கிராம். இன்றும் அத்தர் 12, 6, 3 மி.லி. புட்டிகளில் வருவது முழுத் தோலா, அரைத் தோலா, கால் தோலா என்னும் அப்பழைய வழக்கையொட்டியே. ஜவ்வாதும் சிமிழளவில்தான் விற்கப்பட்டது.

தொழிற்சாலைப் பொருள்களைச் சிறு உறையில் அடைத்து ஏழையின் கைக்கு எட்டச் செய்ததில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், எப்சம் உப்பு, முகப்பவுடர் முதலியவற்றைச் சிறு பொட்டலங்களாக விற்கலாம் என்று கண்டவர். அவருக்குப் பின் அவருடைய மக்கள் ஷாம்புவைச் சிறு உறைகளில் விற்றனர். அவர்களுள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கிச் 'சிக்' ஷாம்புவைச் சிற்றூர்க் கடைகள் வரை கொண்டு சென்றார். மாதச் சம்பளம் வாங்குபவர் பெரிய புட்டி வாங்கலாம். வாரக்கூலி வாங்குபவருக்கு அன்றைய தேவைக்கு மட்டுமே கையில் காசு இருக்கும். இவ்வுண்மையை அறிந்து செய்த வியாபாரம் அது. பின்னர் வாசனைத் திரவியமும் அதே வழியில் சிறு புட்டிகளில் வந்தது.

'பயண அளவு' என்னும் பெயர் பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில், திரவ வெடிபொருள்களால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் விளைவாக, விமானத்தில் கைப்பையோடு கொண்டுசெல்லும் திரவம் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்கு மேற்படாத கொள்கலத்தில் இருக்க வேண்டும் என்னும் விதி பல நாடுகளில் வந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதை நினைவில் வைத்தல் நலம். கொள்கலத்தின் அளவே கணக்கு, 200 மி.லி. புட்டியில் கால் பங்கே மீதியிருந்தாலும் அதைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை.

3. கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

புட்டிக்கு 12 ரூபாய் லாபம் என்று கேட்டவுடன் மனம் மகிழ்கிறது. 48 ரூபாய்க்கு 12 ரூபாய் என்றால் நூற்றுக்கு 25. சர்க்கரையிலும் சோப்பிலும் நூற்றுக்கு 5 கிடைப்பதே அரிது. ஆகவே சென்ட் வியாபாரமே மேல் என்று தோன்றும். இங்கேதான் தவறு நேர்கிறது. லாபத்தின் வீதத்தோடு, அந்தப் பணம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டஜன் புட்டிக்கு முதல் 576 ரூபாய். லாபம் 144 ரூபாய். அதே 576 ரூபாயை அன்றாடச் சரக்கில் போட்டால், நூற்றுக்கு 5 வீதம் ஒரு சுற்றுக்கு 28 ரூபாய் 80 காசு கிடைக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை சரக்கு விற்றுப் புதிதாக வாங்கப்படுகிறது என்று கொண்டால், மாதத்துக்கு மூன்று சுற்று. லாபம் 86 ரூபாய் 40 காசு. அதாவது நாள் ஒன்றுக்கு 2 ரூபாய் 88 காசு.

இப்போது 144ஐ 2.88ஆல் வகுத்தால் 50 வருகிறது. ஒரு டஜன் சென்ட் 50 நாளுக்குள் விற்றுத் தீர்ந்தால் அந்த வியாபாரம் அன்றாடச் சரக்கைவிட மேலானது. 50 நாளைத் தாண்டினால், நூற்றுக்கு 25 லாபம் என்று நாம் நினைத்தது நூற்றுக்கு 5 லாபத்தைவிடக் கீழே போய்விடுகிறது. எட்டு மாதம் ஆயிற்றென்றால், சென்ட்டில் 144 ரூபாயும் அன்றாடச் சரக்கில் 691 ரூபாயும் கிடைத்திருக்கும். வேகம் குறைந்த பெரிய லாபத்தைவிட வேகம் மிகுந்த சிறு லாபம் மேல் என்பது இதனால் விளங்கும்.

ஒவ்வொரு கடையிலும் இந்த எண்கள் மாறும்; கணக்கு முறை மாறாது. அங்கத்தினர் தம் கடையின் எண்களை இட்டுத் தமக்குரிய நாளைக் கண்டுகொள்ளல் வேண்டும். அந்த நாளுக்குள் எத்தனை புட்டி விற்குமோ அத்தனைக்கு மேல் வாங்கலாகாது. முதல் முறை அரை டஜனே போதும். இலவசத் திட்டத்தைக் கண்டு அளவைக் கூட்டுதல் கூடாது. விற்பனை வேகத்தைக் கண்டே கூட்டுதல் வேண்டும்.

கடன் விற்பனையும் இச்சரக்கில் ஆகாது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் பலரை உள்ளிட்ட 28 பேர் கூட்டுறவுக் கடை கண்டபோது, கலப்படமற்ற சரக்கு, முழு எடை, ரொக்க விற்பனை என்ற கொள்கைகளை மேற்கொண்டனர். பசித்தவருக்கு அரிசி கடனாகக் கொடுக்க நேரலாம். சென்ட்டைக் கடனாகக் கொடுக்க என்ன நியாயம் உண்டு?

4. சரக்கைக் காத்தல்

சென்ட்டில் பெரும்பகுதி எரிசாராயம். ஆகவே அது தீப்பற்றும் பொருள். விளக்கு, அடுப்பு, தீப்பெட்டிக் கட்டு, ஊதுபத்தி எரியும் இடம் ஆகியவற்றுக்கு அருகில் வைக்கலாகாது. கடையின் ஒரு பக்கத்தில் தேநீர் போடும் அங்கத்தினர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

வெயிலும் வெப்பமும் வாசனையைக் கெடுக்கும். காட்சிக்கு ஒன்றிரண்டு புட்டிகளை முன்னால் வைத்து, மற்றவற்றை மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ நிழலில் வைத்தல் நன்று. தகரக் கூரையின் கீழ் மேல்தட்டில் அடுக்குதல் கூடாது. காட்சிக்கு வைத்தவற்றையும் அடிக்கடி மாற்றி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். வாங்கிய தேதியை அடியில் பென்சிலால் குறித்தால் இது எளிதாகும்.

தேயிலைத்தூள், மாவு, பால்கோவா ஆகியவை அண்டையில் உள்ள மணத்தை ஈர்த்துக்கொள்ளும். சென்ட் மணக்கும் தேநீரைக் குடித்தவர் மறுமுறை அக்கடைக்கு வாரார். பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் நம் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பெயரைக் காக்கும் கடமை அதை விற்கும் ஒவ்வொரு கடைக்கும் உண்டு. ஆகவே உண்பொருளும் சென்ட்டும் வெவ்வேறு தட்டுகளில் இருத்தல் வேண்டும்.

முகர்ந்து பார்க்கப் புட்டியைத் திறந்து கொடுப்பதிலும் கணக்கு உண்டு. முத்திரை உடைந்த புட்டி விலைபோகாது. அதன் முதல் 48 ரூபாய்; அதாவது நான்கு புட்டி விற்ற லாபம். எனவே மாதிரிப் புட்டியை மொத்த வியாபாரியிடமே கேட்டுப் பெறல் வேண்டும்.

5. புட்டியின் மேலுள்ள எழுத்து

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அடைத்து விற்கும் பண்டத்தின் மீது தயாரித்தவர் அல்லது அடைத்தவர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர அளவு, மாதமும் ஆண்டும், வரிகள் உள்ளிட்ட அதிகபட்ச சில்லறை விலை, குறை தெரிவிக்கும் முகவரி ஆகியவை இருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தால், ஒரு மில்லிலிட்டருக்கு அல்லது ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டுமென விதிக்கப்பட்டது. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றம். வரி தனி என்று கேட்பதற்கும் இடமில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எடை அல்லது அளவுக் கணக்கில் விற்கும் பண்டம் 10 கிராம் அல்லது 10 மி.லி.க்கு மேற்படாவிடில், பொதுவாக இவ்விதிகளினின்று அதற்கு விலக்கு உண்டு. ஆதலால் 3, 6, 8, 10 மி.லி. புட்டிகளில் விலையோ அளவோ இல்லாமலும் இருக்கலாம். சட்டத்தின் கண் எட்டாத அவ்விடத்தில்தான் நம் கண் கூர்மையாக இருக்க வேண்டும். அத்தகைய புட்டிக்கு அளவையும் விலையையும் நாமே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுதல், சங்கக் கடைக்கு அழகாகும். குழந்தைக்கு ஒரு விலை, பெரியவர்க்கு ஒரு விலை என்னும் பேச்சுக்கு அப்போது இடமிராது.

எவ்வளவு சிறிய புட்டியாயினும், தயாரித்தவர் பெயரும் ஊரும் இல்லையெனில் வாங்கி விற்கலாகாது. அழகுசாதனப் பொருள்களுக்கென 2020ஆம் ஆண்டு வந்த தனி விதிகள் இவற்றைக் கோருகின்றன. உள்ளே இருக்கும் சாராயம் எத்தகையது என்பதை முகர்ந்து அறிய முடியாது. பெயர் உள்ளவரிடமே பொறுப்பைக் கேட்க முடியும்.

6. வாங்குபவர் கவனிக்க

முதலில் விலைக்கணக்கு. 18 மி.லி. புட்டி 60 ரூபாய் என்றும், 100 மி.லி. புட்டி 250 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். சிறியதில் ஒரு மி.லி. 3 ரூபாய் 33 காசு. பெரியதில் 2 ரூபாய் 50 காசு. ஒரு முறை அழுத்தினால் ஏறத்தாழப் பத்தில் ஒரு மி.லி. வெளிவரும். நாளைக்கு மூன்று முறை அழுத்தினால், சிறியதில் நாட்செலவு ஒரு ரூபாய்; பெரியதில் 75 காசு. சிறிய புட்டி இரண்டு மாதம் வரும். பெரியது பதினொரு மாதம் வரும்.

25 காசு மிச்சம் என்பதற்காகப் பெரியதை வாங்கலாமா? நாள்தோறும் பயன்படுத்துபவர், நிழலில் வைக்க இடமுள்ளவர் வாங்கலாம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பூசுபவர் வாங்கினால், பாதி தீருமுன்பே மணம் மாறிவிடும். அவருக்குச் சிறியதே சிக்கனம். சிறு புட்டியில் ஏமாற்று இல்லை. எப்போதும் சிறு புட்டியையே வாங்கி நாள்தோறும் பூசுபவர், ஆண்டுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார் என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும், அவ்வளவே.

அத்தருக்கு வேறு கணக்கு. 3 மி.லி. 50 ரூபாய் என்றால் விலை மிகுதியாகத் தோன்றும். ஆனால் 3 மி.லி.யில் ஏறத்தாழ 60 துளிகள் உண்டு. நாளைக்கு ஒரு துளி போதும் என்பவருக்கு நாட்செலவு 83 காசே. ஆகவே புட்டியின் விலையையும் மில்லியின் விலையையும் மட்டும் பார்த்து நில்லாமல், ஒரு நாள் பயன்பாட்டின் விலையைக் காணுதல் வேண்டும்.

அடுத்து மணத்தின் தேர்வு. பூசியவுடன் எழும் மணம் சில நிமிடங்களில் பறந்துபோகும். அதன்பின் ஒரு மணம் தோன்றிச் சில மணி நேரம் நிற்கும். இறுதியில் அடிமணம் தங்கும். கடையில் நம்மை மயக்குவது முதல் மணம். நாள் முழுதும் நம்மோடு இருப்பது மற்றவை. ஆதலால் மணிக்கட்டில் ஒரு துளி தடவிக்கொண்டு, மற்ற வேலையைப் பார்த்துவிட்டு, அரை மணி கழித்து வந்து முடிவு செய்தல் நன்று. ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்குத் தேர்வு செய்யாது.

சிலர் தோலுக்கு இது ஒவ்வாது. முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்தல் பாதுகாப்பு. எலுமிச்சை, நாரத்தை இனத்து எண்ணெய்கள் சில, வெயில் பட்ட தோலில் கருந்தழும்பு உண்டாக்கக்கூடும். வயலுக்குச் செல்பவர் வெயில் படும் இடத்தில் பூசாதிருப்பது நலம். மூச்சிரைப்பு உள்ளவரும் பேருந்தில் அண்டையில் அமர்ந்திருப்பர் என்பதை நினைத்துக் குறைவாகப் பூசுதல் நாகரிகம். சென்ட் வியர்வை நாற்றத்தை நீக்குவதில்லை; அதன்மேல் வேறொரு மணத்தைச் சேர்க்கிறது. குளித்துத் துவைத்த ஆடை உடுத்தவருக்கே அது பயன் தரும்.

நெசவாளர் ஒன்றை ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பட்டுச் சேலையின் மீதும் சரிகையின் மீதும் சென்ட்டைத் தெளிக்கலாகாது. சாராயம் சாயத்தைக் கலங்கச் செய்யும், கறை விழும், சரிகை மங்கும். பல நாள் உழைத்து நெய்த சேலை ஒரு நொடியில் கெட்டுவிடும். பழியோ நெய்தவர் மேல் வரும். முதலில் உடம்பில் பூசி, உலர்ந்த பின் சேலை உடுத்துமாறு வாங்குவோர்க்குச் சொல்லுதல் நம் கடமை.

7. மல்லிகைப் படம் போட்ட புட்டி

பூ விளைவிக்கும் அங்கத்தினர் அடிக்கடி கேட்பது: "எங்கள் பூவுக்குச் சில நாளில் பறிகூலியும் கட்டவில்லை, மல்லிகைப் படம் போட்ட புட்டிக்கு மட்டும் இவ்வளவு விலையா?" இதற்கு விடை கூறுதல் தகும். ஆயிரம் கிலோ ஜாதிமல்லியிலிருந்து கிடைக்கும் மெழுகு போன்ற வாசனைச் சாரம் இரண்டு மூன்று கிலோ அளவே. எனவே அசல் மல்லிகைச் சாரம் மிக்க விலையுடையது; 60 ரூபாய்ப் புட்டியை அதனால் நிரப்ப இயலாது. மல்லிகை மணத்தின் முக்கியப் பகுதியான பென்சைல் அசிடேட் என்னும் பொருளை இரசாயன முறையில் மலிவாகச் செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் சிறு புட்டியில் மணப்பது அதுவே. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அப்புட்டியை வாங்குவதால் பூ விவசாயிக்கு உதவினோம் என்று எண்ணுதல் தவறு. அவருக்கு உதவ விரும்புபவர் ஒரு முழம் பூ வாங்கலாம். மலிந்த காலத்துப் பூவைச் சாரம் எடுக்கும் ஆலைகளுக்குச் சேர்ந்து அனுப்பி விலை பேசுவது, பூ விளைவிப்போர் ஒன்றுகூடி ஆராய வேண்டிய வேறு பொருள்.

முடிவுரை

கான்சாபுரத்து அம்மையாரின் கதை என்னவாயிற்று? மீதிப் புட்டிகளில் நல்லவற்றைப் பிரித்து நிழலில் வைக்கச் செய்தோம். ஒரு பகுதியை வேறு கடைகளுக்குக் கொள்முதல் விலைக்கே கொடுத்து, வந்த பணத்தில் அன்றாடச் சரக்கு வாங்கினார். நிறம் மாறியவற்றை விற்க வேண்டாம் என்று நாம் சொன்னபோது, சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு தாமே எடுத்துத் தனியே வைத்தார். அந்த இழப்பு அவருடையதே. அதை எவரும் ஈடு செய்யவில்லை. தவணை இரண்டு மாதம் தாமதித்துச் செலுத்தப்பட்டது. மறு ஆண்டு ஆடிக்கு அவர் வாங்கியது அரை டஜன். அது தீர்ந்த பிறகே அடுத்த அரை டஜன். கற்பூரமும் தண்ணீரும் நிறைய வாங்கி வைத்திருந்தார்.

பொருள் சிறிதாயினும் கணக்குச் சிறிதாகாது. விற்பவர் நாளைக் கணக்கிடுக. வாங்குபவர் நாட்செலவைக் கணக்கிடுக. இவ்விரண்டையும் செய்தால் சிறு புட்டி இருவருக்கும் நன்மை தரும்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் கடையில் அன்றாடச் சரக்கு மாதத்துக்கு எத்தனை முறை விற்றுத் திரும்புகிறது? அதன்படி ஒரு டஜன் சென்ட் எத்தனை நாளுக்குள் விற்றால் ஆதாயம்?

2. 'மூன்று டஜன் வாங்கினால் மூன்று புட்டி இலவசம்' என்னும் திட்டத்தை எப்போது ஏற்கலாம், எப்போது மறுக்க வேண்டும்?

3. 10 மி.லி.க்கு மேற்படாத புட்டிகளை விற்கும் சங்கக் கடை, தானே செய்ய வேண்டியது யாது?

4. நாள்தோறும் பூசுபவருக்கும் திருவிழாவுக்கு மட்டும் பூசுபவருக்கும் எந்த அளவுப் புட்டி சிக்கனம்? கணக்கிட்டுக் காட்டுக.